தங்கைக்கு எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது?

இருபத்திரண்டு வயதுத் தங்கை கையைக் கீறிக்கொள்கிறாள், காலையில் தெய்வம்போலக் கொண்டாடியவரை மாலையில் எதிரியாகப் பார்க்கிறாள், இது நோயா அடமா, மாத்திரையில் தீருமா, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லேன். ஆனால் இதே நோய் எனக்கு உண்டென்று கண்டறியப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. டர்பனில் நம்மவர்கள் நிறைந்து வாழும் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்து, இன்றும் அங்கேதான் வாழ்கிறேன்.

அடம் அன்று. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் 1980இலேயே இடம்பெற்றுவிட்ட நோய் இது. கைவிடப்படுவோமோ என்ற அச்சம், நிலையற்ற உறவுகள், தீராத வெறுமை, அடக்க முடியாத கோபம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல் முதலிய 9 அறிகுறிகளில் குறைந்தது 5 நீடித்திருந்தால்தான் மருத்துவர் இந்தப் பெயரைச் சொல்வார். மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனையக் கோளாறுடன் இதைக் குழப்பிக்கொள்வோர் பலர். அதில் ஒரு மனநிலை நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நீடிக்கும். எங்களுக்கோ சில மணி நேரத்திலேயே, பெரும்பாலும் நெருங்கியவரின் ஒரு சொல்லாலோ மௌனத்தாலோ, மனம் புரண்டுவிடும்.

உள்ளே அது எப்படி இருக்கும் என்று சொன்னால் உங்களுக்கு உதவும். தோழி ஒருத்தி மாலைவரை செய்திக்குப் பதில் அனுப்பவில்லையென்றால், அவளுக்கு வேலை இருந்திருக்கும் என்று அறிவு சொல்லும். உடம்போ வீட்டில் சாவு விழுந்ததைப்போல நடுங்கும். அந்த நேரத்தில் பலர் கையைக் கீறிக்கொள்வது சாவதற்காக அன்று, அந்த வலியைச் சற்று நேரமாவது நிறுத்துவதற்காக. அதனால் அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று கொள்ளாதீர்கள். இந்நோய் உள்ளவர்களிடையே தற்கொலைச் சாவு பொதுமக்களைவிடப் பல மடங்கு அதிகம்.

மாத்திரையைப் பற்றி: இந்த நோய்க்கென்றே ஏற்பளிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. உடன் வரும் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருந்து தருவார்கள், அது தேவைதான். ஆனால் முதன்மைச் சிகிச்சை பேச்சுவழிச் சிகிச்சையே. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய டி.பி.டி. எனப்படும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சை அவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்டது. கொந்தளிப்பு வரும்போது முகத்தைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துவது, எழும் உணர்ச்சிக்குப் பெயரிடுவது, உறவை முறிக்காமல் வேண்டியதைக் கேட்பது என்று, மற்றவர்கள் சிறுவயதில் தாமாகவே கற்றுக்கொள்பவற்றை எங்களுக்கு அது பாடமாகவே நடத்துகிறது. (தானும் இளமையில் இப்படித் துன்புற்றவரே என்று லினஹான் 2011இல் வெளிப்படையாகச் சொன்னபோது எனக்கு வந்த தெம்பு கொஞ்சநஞ்சமன்று.) குணமாகுமா என்ற கேள்விக்கு அமெரிக்க ஆய்வாளர் மேரி சனாரினி குழுவினரின் ஆய்வு நல்ல விடை தருகிறது: மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 290 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், 10 ஆண்டுகளுக்குள் 93 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் குறைந்தது 2 ஆண்டுகளாவது தணிந்திருந்தன. வேலையும் உறவும் உள்ள முழு வாழ்க்கைக்குத் திரும்பியவர்கள் பாதிப் பேர்தான் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அரசு வழியில் போவதானால் உங்கள் வட்டாரக் கிளினிக்கில் தொடங்கி, அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். காத்திருப்பு நீளலாம் என்பதால் இன்றே பதிந்துவிடுவது நல்லது. மருத்துவக் காப்புத் திட்டம் இருந்தால் ஒரு சிக்கல் உண்டு: திட்டங்கள் கட்டாயம் செலவேற்க வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருமுனையக் கோளாறும் மனச்சிதைவும் உள்ளன, எங்கள் நோய் இல்லை. தங்கைக்குப் பெரும் மனச்சோர்வும் இருப்பதாக மருத்துவர் உறுதிசெய்தால், அதற்குத் திட்டங்கள் தந்தே ஆக வேண்டிய குறைந்தபட்ச உரிமையின் கீழ், ஆண்டுக்கு 15 வெளிநோயாளர் பேச்சுவழிச் சிகிச்சை அமர்வுகள் வரை கேட்கலாம். சாடாக் என்று அறியப்படும் தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழு 1994 முதல் இயங்குகிறது. அருகிலுள்ள உளவியலாளர்களையும் ஆதரவுக் குழுக்களையும் அவர்களிடம் விசாரிக்கலாம்.

வீட்டுக்கு வருவோம், என் பார்வையில் பாதிச் சிகிச்சை அங்கேதான் நடக்கிறது. அண்டை வீட்டோடு ஒரே சுவரைப் பகிரும் எங்கள் சாட்ஸ்வர்த் வீடுகளில், ஒருத்தி கத்தினால் அம்மாவுக்கு முதலில் வரும் கவலை பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்பதுதான். "வாயை மூடு" என்ற சொல் அங்கேயிருந்து பிறக்கிறது. அதைக் கேட்டவளுக்கோ தன் வலியே பொய் என்று தீர்ப்பளித்ததுபோல் இருக்கும். "நீயும் என்னை விட்டுப் போய்விடுவாய்" என்று தங்கை அழுதால், அவள் சொல்வது நியாயமா என்று வாதாடாதீர்கள், போகவே மாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள். "உனக்குப் பயமாக இருக்கிறது, அது எனக்குத் தெரிகிறது. நான் வேலைக்குப் போய் ஆறு மணிக்கு வந்துவிடுவேன்" என்று சொல்லி, ஆறு மணிக்கு வந்துவிடுங்கள். உணர்ச்சியை ஏற்றுக்கொள்ளுங்கள், அடிப்பதையும் பொருளை உடைப்பதையும் ஏற்க வேண்டியதில்லை, அதை அவள் அமைதியாக இருக்கும் நேரத்தில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பெரியவர்கள் தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொள்ளச் சொல்வார்கள். அவளுக்கே விருப்பமிருந்தால் எடுக்கட்டும், நானும் எடுத்திருக்கிறேன். விரத நாள்களில் மருந்தையும் உறக்கத்தையும் மட்டும் விடக்கூடாது. கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்ற பேச்சை மட்டும் ஏற்காதீர்கள். நெருங்கிய உறவில்தான் இந்த நோய் மிகக் கடுமையாகத் தாக்கும்.

இன்றிரவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆயாவின் சர்க்கரை மாத்திரை உட்பட வீட்டிலுள்ள மருந்துகளையெல்லாம் பூட்டி வையுங்கள், சாகப் போகிறேன் என்று அவள் சொன்னால் திட்டம் ஏதும் வைத்திருக்கிறாளா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சாடாக்கின் இலவசத் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567. ஏற்கெனவே எதையாவது விழுங்கிவிட்டாளென்றால் தொலைபேசியில் நேரத்தைக் கழிக்காமல், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.