பழைய மர டெக்கில் குழந்தை விளையாடலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் 1997இல் கட்டிய வீட்டைச் சென்ற ஆண்டு வாங்கினோம். பின்பக்கம் வீட்டை ஒட்டிப் பெரிய மர டெக் (பலகை மேடை) இருக்கிறது. அந்தக் காலத்து மரத்தில் ஆர்சனிக் இருக்கும் என்று பக்கத்து வீட்டார் சொன்னதிலிருந்து தூக்கம் வரவில்லை. இரண்டரை வயது மகள் அங்கேதான் விளையாடுகிறாள், விரல் சூப்பும் பழக்கமும் உண்டு. இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா? உப்புத்தாள் போட்டுத் தேய்த்து டெக்கைப் புதுப்பிக்கலாம் என்கிறார் கணவர். செய்யலாமா?

பதில்: தேய்க்க வேண்டாம். நல்லவேளை, அதற்கு முன்பே கேட்டீர்கள். இப்போது மரத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் ஆர்சனிக், தேய்த்தால் தூளாகி மூக்கு, கை, மண் என்று எல்லா இடத்துக்கும் போய்விடும்.

பக்கத்து வீட்டார் சொன்னது பெரும்பாலும் சரி. கரையான் அரிக்காமலும் மரம் உளுத்துப்போகாமலும் இருக்க, குரோமியம், தாமிரம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த சிசிஏ என்ற மருந்தை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றுவார்கள். 1930களில் ஓர் இந்திய விஞ்ஞானி கண்டுபிடித்த கலவை இது. டெக்குக்குப் போடும் 12 அடிப் பலகை ஒன்றில் சுமார் 27 கிராம் ஆர்சனிக் இருக்கலாம். அமெரிக்காவில் 2003 டிசம்பர் 31க்குப் பிறகு வீட்டு உபயோக மரத்தில் இதை ஏற்றுவதை ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிட்டார்கள். கையிருப்பு மட்டும் 2004இலும் விற்றது. உங்கள் டெக் வீட்டோடு சேர்த்துக் கட்டியதென்றால், சிசிஏ மரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பச்சைச் சாயல் வெளுத்து மரம் சாம்பல் நிறமாகியிருந்தாலும் மருந்து போய்விட்டது என்று அர்த்தமில்லை.

இனி மகள் விஷயம். தோல் வழியாக உடம்புக்குள் போவது மிகக் குறைவு. முக்கிய வழி இதுதான்: டெக்கிலிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு. கனடாவின் எட்மண்டன் நகரில் இத்தகைய மரத்தில் விளையாடிய குழந்தைகளின் கைகளைக் கழுவி அளந்தபோது சராசரியாக 0.5 மைக்ரோகிராம் ஆர்சனிக்தான் கிடைத்தது; மிக அதிகமான கையிலும் 4 மைக்ரோகிராமுக்குக் கீழேதான். வெறும் தண்ணீரிலேயே பெரும்பகுதி வந்துவிட்டது. ஆகவே இன்று நாளையில் விஷமாகும் அளவு இல்லை, பயப்படாதீர்கள். கவலை பல ஆண்டுக் கணக்கில்தான். இத்தகைய விளையாட்டு மேடைகளில் 2 முதல் 6 வயதுவரை தொடர்ந்து விளையாடும் 10 லட்சம் பேரில் கூடுதலாக 2 முதல் 100 பேருக்குப் பிற்காலத்தில் நுரையீரல் அல்லது சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரலாம் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2003இல் கணக்கிட்டது. சிறிய ஆபத்துதான், ஆனால் சோப்பால் குறைக்கக்கூடிய ஆபத்து. டெக்கிலிருந்து உள்ளே வந்ததும், ஏதாவது சாப்பிடும் முன்பும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். விரல் சூப்பும் குழந்தைக்கு இதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

இரத்தப் பரிசோதனை வேண்டாம். ஆர்சனிக் இரத்தத்தில் சில மணி நேரம்தான் தங்கும். சிறுநீரில் பார்க்கலாம், ஆனால் அதுவும் கடந்த சில நாட்கள் கதையை மட்டுமே சொல்லும். முந்தின நாள் மீன் குழம்பு சாப்பிட்டிருந்தால், தீங்கில்லாத கடல் ஆர்சனிக்கையும் சேர்த்து எண் எகிறிவிடும், பெற்றோர் பதறுவார்கள். யாராவது வற்புறுத்தினால் நான்கைந்து நாள் மீன், இறால் நிறுத்திவிட்டு, தீங்கு செய்யும் வகையான கனிம ஆர்சனிக்கைப் பிரித்துக் காட்டும் சோதனையைக் கேளுங்கள். தினமும் சோறு சாப்பிடும் நம் வீடுகளில் அரிசியிலிருந்தும் கொஞ்சம் கனிம ஆர்சனிக் வரும். ஒரு பங்கு அரிசிக்கு 6 முதல் 10 பங்கு தண்ணீர் வைத்துக் கஞ்சியை வடித்தால் அந்த ஆர்சனிக்கில் 40 முதல் 60 சதவீதம் போய்விடுகிறது. குக்கரை ஒதுக்கிவிட்டு வடித்த சோற்றுக்குத் திரும்ப இது நல்ல காரணம்.

டெக்கை இப்படிப் பராமரியுங்கள். மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷர் வேண்டாம், அது மேல் நாரைக் கிழித்துவிடும். பிளீச் கூடவே கூடாது, மரத்தில் அடங்கிக் கிடக்கும் குரோமியத்தை நச்சு வடிவமாக மாற்றிவிடும். ‘டெக் பிரைட்னர்’ என்று விற்கும் அமிலக் கரைசல்களும் மருந்தை வெளியே இழுக்கும். இரண்டு மூன்று நாள் நன்றாகக் காய்ந்த பிறகு, மரத்துக்குள் ஊறும் வகை ஸ்டெயினை (மரச் சாயப் பூச்சு) அடியுங்கள். கை அதிகம் படும் கைப்பிடியும் படிகளும் முதலில். வருடம் ஒருமுறை தவறாமல் அடிக்க வேண்டும். தரைப்பலகைக்குப் பெயின்ட் வேண்டாம். நடக்க நடக்க உரிந்து, உரிந்த செதில் குழந்தை கைக்குத்தான் போகும்.

டெக்குக்கு அடியில் உள்ள மண்ணையும் மறக்காதீர்கள். கனெடிகட் மாநிலத்தில் 7 டெக்குகளின் கீழே அளந்ததில் கிலோவுக்குச் சராசரி 76 மில்லிகிராம் ஆர்சனிக், அருகே இருந்த சாதாரண மண்ணில் 3.7. குழந்தை நுழையாதபடி அடைத்துவிடுங்கள். கீரை, முள்ளங்கி, கொத்தமல்லிப் பாத்தியை டெக் ஓரத்தில் போடாமல் தள்ளிப் போடுங்கள். வெயில் காலத்தில் வடகமும் மோர் மிளகாயும் காயவைப்பீர்களானால், துணி விரித்துக்கூட டெக் பலகையில் வைக்காதீர்கள். ஈர மாவு துணி வழியாகப் பலகையைத் தொடும். மேசைமேல் தட்டில் வையுங்கள்.

சிலாம்பு குத்தினால் வழக்கம்போல எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

எப்போதாவது பலகையை அறுக்கவோ துளையிடவோ நேர்ந்தால், கணவர் என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, கீழே பிளாஸ்டிக் விரித்துத் தூளை முழுவதும் அள்ளட்டும். அந்த உடைகளைத் தனியாகத் துவைக்க வேண்டும். துண்டுகளை ஒருபோதும் அடுப்பிலோ பார்பிக்யூவிலோ எரிக்கக் கூடாது. ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் சேரும். விஸ்கான்சினில் இந்த மரத்தை வீட்டு அடுப்பில் எரித்துக் குளிர் காய்ந்த ஒரு குடும்பமே முடி கொட்டி, தோல் தடித்து அவதிப்பட்டது 1984இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. துண்டுகளை எங்கே போடலாம் என்று உங்கள் ஊர் நகராட்சிக் குப்பைக் கிடங்கில் கேளுங்கள். குழந்தை சாம்பலையோ மரத்தூளையோ வாயில் போட்டுவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். வாயைத் துடைத்துவிட்டு உடனே 1-800-222-1222 என்ற அமெரிக்க நச்சு உதவி எண்ணை அழையுங்கள்.