வழுக்காத மேட்டுக்குக் காப்புரிமை நோட்டீஸ்: தயாரிப்பை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: கரூரில் தரைவிரிப்புக்கு அடியில் போடும் வழுக்காத மேட் தயாரிக்கிறோம். பாலியஸ்டர் நூலில் பின்னிய வலைக்குப் பி.வி.சி. நுரை பூசி, சூடேற்றி எடுக்கிறோம். ‘நுரை பூசிய நெய்த வழுக்காத மேட்’ என்ற தங்கள் காப்புரிமையை மீறுகிறோம் என்று ஒரு நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. இரண்டு மேட்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். என்ன செய்வது?

பதில்: அவசரப்பட்டு இயந்திரத்தை நிறுத்திவிடாதீர்கள். மேட்டையும் மேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது. காப்புரிமை ஆவணத்தின் கடைசியில் எண்ணிட்டு எழுதியிருக்கும் உரிமைக்கோரல்களோடுதான் உங்கள் மேட்டை ஒப்பிட வேண்டும். உரிமையின் எல்லையை வகுப்பவை அவைதான், தலைப்பு அல்ல. காப்புரிமை அலுவலக இணையதளத்தில் முழு ஆவணத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். காப்புரிமைக் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் அது காலாவதியாகியிருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள்.

முதல் கோரலில் நெய்த அடித்துணி, இழைகளை மூடும் நுரைப்பூச்சு, இடையே திறந்த துளைகள் என மூன்று கூறுகள் இருப்பதாகக் கொள்வோம். மூன்றும் உங்கள் மேட்டில் இருந்தால்தான் நேரடி மீறல். பாவும் ஊடையும் குறுக்கே ஓடுவது நெசவு. கண்ணிகளைக் கோத்துச் செல்வது பின்னல். கரூரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நீதிமன்றமும் அந்தத் தொழில் தெரிந்தவர் படிப்பதைப்போலத்தான் கோரலைப் படிக்கும். உங்களுடையது பின்னல், ஆகவே ‘நெய்த அடித்துணி’ என்ற கூறு அதில் இல்லை என்று வாதிடலாம்.

ஆனால் அதோடு நிம்மதி அடைந்துவிட முடியாது. விவரக்குறிப்பில், அதாவது ஆவணத்தில் கண்டுபிடிப்பை விளக்கும் பகுதியில், ‘நெய்த துணி என்பதில் பின்னிய வலையும் அடங்கும்’ என்று ஒரு வரி இருந்தாலே உங்கள் வாதம் ஆட்டம் காணும். ‘முதல் கோரலில் சொன்ன அடித்துணி பின்னல் வலையாக இருப்பது’ என்று ஒரு சார்புக் கோரல் (முந்தைய கோரலைச் சார்ந்து எழுதிய கோரல்) இருந்தாலும் அப்படியே. இரண்டும் இல்லையென்றால், பின்னல் வலையும் அதே வேலையை அதே விதத்தில் செய்கிறது, வேறுபாடு அற்பமானது என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

அதை முறியடிக்க நான் முதலில் தேடுவது, காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் ஆட்சேபங்களை எழுதும் பரிசோதனை அறிக்கைக்கு அவர்கள் கொடுத்த பதிலை. பழைய பின்னல் மேட் ஒன்றைப் பரிசோதகர் சுட்டிக்காட்டி, ‘எங்களுடையது நெய்தது’ என்று சொல்லி அவர்கள் காப்புரிமை பெற்றிருந்தால், அன்று விட்டுக்கொடுத்ததை இன்று உங்களிடம் கேட்பது எளிதல்ல.

கோரலைப் படிக்கும் விதத்தில் வழக்கே திரும்பும். தன் இன்ஜின் காப்புரிமையை டி.வி.எஸ். மீறுவதாக பஜாஜ் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2008இல் விதித்த இடைக்காலத் தடையை 2009இல் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கியது. டி.வி.எஸ். இன்ஜினில் மூன்று வால்வுகள் இருந்தது அங்கே முக்கிய வேறுபாடாக நின்றது.

காப்புரிமையையே எதிர்க்கவும் வழி உண்டு. அவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே இத்தகைய மேட் இந்தியாவில் விற்பனையில் இருந்தது என்றால், காப்புரிமைச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்கீழ் ரத்து கேட்டு எதிர்வழக்குப் போடலாம். அப்போது வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறும். பழைய பில், மாதிரி, ஏற்றுமதிப் பட்டியல் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

நோட்டீஸை அலட்சியம் செய்யாதீர்கள். காப்புரிமை இருப்பதே தெரியாது என்று இனிமேல் சொல்ல முடியாது. பதிலில் உங்கள் தயாரிப்பு முறையை விவரிக்க வேண்டாம். எந்த எண்ணுள்ள கோரலின் எந்தக் கூறு உங்கள் மேட்டில் எங்கே இருக்கிறது என்று அவர்கள் எழுத்தில் காட்டட்டும் என்று உங்கள் வழக்கறிஞர் மூலம் கேளுங்கள்.