முதுகுத் தண்டில் ஸ்டிமுலேட்டர்: வலி மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர், டிஸ்க் ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இடுப்பிலிருந்து இடது பாதம் வரை எரிச்சல், சில நேரம் ஷாக் அடித்த மாதிரி இழுக்கிறது. ஸ்டிமுலேட்டர் வைக்கலாம் என்கிறார்கள். அது உள்ளே என்ன செய்யும்?

பதில்: நீங்கள் சொல்வது நரம்பு வலியின் குணம். ஆபரேஷனுக்குப் பிறகும் காலில் தங்கிவிடும் இந்த வலிக்குத்தான் இந்தக் கருவியை அதிகம் பயன்படுத்தியிருக்கிறோம்.

தண்டுவடத்தின் உறைக்கு வெளியே மெல்லிய மின்கம்பிகளைச் செலுத்துவோம். புட்டத்தின் மேல்பக்கத்திலோ வயிற்றிலோ தோலுக்கடியில் இருக்கும் பேட்டரி அவற்றின் வழியாகச் சிறு மின்துடிப்புகளை அனுப்பும். தொடு உணர்வைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் வேலை செய்தால், தண்டுவடத்தில் ஒரு கதவு மூடுவதுபோல வலிச் செய்தி தடுக்கப்படும் என்று 1965இல் வலி ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும் சொன்னார்கள். அதை வைத்து 1967இல் நரம்பியல் அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி முதல் கருவியைப் பொருத்தினார். பழைய முறையில், 40–60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு அத்தனை மின்துடிப்பு), வலித்த இடத்தில் குறுகுறுப்பு தெரியும். 10,000 ஹெர்ட்ஸ் முறையில் அது தெரியாது. அதன் பலனைக் கதவுக் கொள்கை மட்டும் வைத்து விளக்க முடியாது.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். நிரந்தரமாக வைப்பதற்கு முன் சுமார் ஒரு வாரம் பேட்டரியை உடலுக்கு வெளியே வைத்துச் சோதிக்க வேண்டும். வலி பாதியாவது குறையாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சோதனையே இல்லாமல் வைக்கிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருகிறோம். சோதனைக்கு முன் நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கசிந்தால் கால்கள் செயலிழக்கலாம், மாத்திரையை விட்டால் இதயத்துக்கு ஆபத்து. எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று இதய மருத்துவரும் வலி மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

கேள்வி: தோலில் ஒட்டும் டென்ஸ் கருவியும் இதுவும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. டென்ஸ் தோலின் மேலிருந்து மின்துடிப்பு தருவது, இது தண்டுவடத்தை ஒட்டி உள்ளே வைப்பது. இடுப்பு வலிக்கு டென்ஸ் தர வேண்டாம் என்றே இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2016இல் வழிகாட்டியது.

கேள்வி: மேடம், நார்வே ஆய்வை ஏன் சொல்லவில்லை? கருவி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே பலன் என்று 2022இல் வந்ததே.

பதில்: சரியான கேள்வி. முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் கால்வலி தீராத 50 பேருக்குக் கருவி வைத்து, சில மாதங்கள் ஓடவிட்டு, சில மாதங்கள் ஓடுவதாக நம்பவைத்துப் பார்த்தார்கள். அன்றாட வேலை செய்யும் திறனில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2023 மதிப்பாய்வும் இடுப்பு வலிக்கு இதன் பலனைச் சந்தேகித்தது. ஆனால் நார்வேயில் பார்த்தது துடிப்புகளைக் கொத்துக் கொத்தாக அனுப்பும் ‘பர்ஸ்ட்’ என்ற ஒரே அலைவகையை. 2007இல் வந்த ஆய்வில், ஆறு மாதத்தில் கால்வலி பாதியாகக் குறைந்தவர்கள் கருவி வைத்தவர்களில் 48%, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 9%. அதில் போலிச் சிகிச்சை ஒப்பீடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே வாசகர்: நார்வேயிலும் சோதனையில் தேறியவர்களுக்குத்தானே வைத்தார்கள்? அப்படியென்றால் உங்கள் ஒரு வாரச் சோதனையும் ஏமாற்றும்.

பதில்: ஏமாற்றலாம். ஒரு வாரம் நம்பிக்கையின் பலத்திலேயே ஓடிவிடும். பலனே இல்லாதவர்களை அது வடிகட்டும், பலன் நீடிக்கும் என்று உறுதி தராது. அதனால்தான் வலிக்கு மதிப்பெண் கேட்பதோடு நான் நிறுத்துவதில்லை. எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எத்தனை மாத்திரை குறைந்தது என்று தினமும் எழுதச் சொல்கிறேன். அதில் மாற்றம் தெரியாமல் ‘நல்லா இருக்கு’ என்றால் நான் தயங்குவேன். கம்பி நகர்வது, கிருமித்தொற்று, பேட்டரி வைத்த இடத்தில் வலி, இன்னொரு ஆபரேஷன் எல்லாம் நிஜமாக நடப்பவை. பலன் நிச்சயமில்லாத இடத்தில் இவற்றையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கேள்வி: கருவி வைத்தால் டிஸ்க் குணமாகுமா?

பதில்: ஆகாது. வலிச் செய்தியைத்தான் மாற்றும்.

கேள்வி: இரண்டு நாளாகச் சிறுநீர் சரியாக வரவில்லை. தொடை நடுவே மரத்திருக்கிறது. இதற்கு ஸ்டிமுலேட்டர் உதவுமா?

பதில்: இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தண்டின் அடியில் நரம்புக்கற்றை நசுங்கியிருக்கலாம், தாமதித்தால் சிறுநீர் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

கேள்வி: கால்வலி இல்லை, குனிந்தால் இடுப்பு மட்டும் வலிக்கிறது. எனக்கு வைக்கலாமா?

பதில்: முதலில் முறையான உடற்பயிற்சி. இது நரம்பு வலி மாதிரித் தெரியவில்லை.

கேள்வி: டிஸ்க் விலகியிருக்கிறது, கருவி அதை உள்ளே தள்ளுமா?

பதில்: மேலே பதில் சொல்லிவிட்டேன், படியுங்கள்.

கேள்வி: கருவி வைத்தாகிவிட்டது. எம்ஆர்ஐ எடுக்கலாமா? பிசியோதெரபியில் சூடு வைக்கலாமா?

பதில்: எம்ஆர்ஐ மாடலைப் பொறுத்தது. உங்கள் கருவி அட்டையை ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். சூட்டில், மின்காந்த அலை போன்றவற்றால் உடலுக்குள் சூடு ஏற்றும் டயாதெர்மி மட்டும் கூடவே கூடாது. கருவியை அணைத்து வைத்தாலும் கம்பி நுனி சூடாகி நரம்பைப் பொசுக்கலாம். பல் மருத்துவர் உட்பட யாரிடம் சிகிச்சைக்குப் போனாலும் கருவி இருப்பதை முதலில் சொல்லுங்கள்.