கூட்டுத் தோட்டம்: மண், கான், பனி – வாசகர் கேள்விகள்

லயத்தடியிலும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) புது வீட்டுத் திட்டங்களிலும் சேர்ந்து காய்கறி போடுகிறவர்கள் கேட்டவற்றில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்திருக்கிறோம். ‘நல்ல விதை எங்கே கிடைக்கும்?’ என்றே அதிகம் பேர் கேட்கிறார்கள். மலைநாட்டில் பெரும்பாலும் பழுது விதையில் இருப்பதில்லை. மண்ணின் புளிப்பிலும் தண்ணீர் போகும் வழியிலும் இருக்கிறது.

கைவிட்ட தேயிலை மலையில் செடிகளைப் பிடுங்கிவிட்டுப் பாத்தி கட்டினோம். மாட்டெருவும் தாராளமாகப் போட்டோம். ஆனாலும் போஞ்சி மஞ்சளாகிறது, ராபு (முள்ளங்கி) கிழங்கு வைக்கவில்லை, பீட்ரூட் முளைத்த அளவிலேயே நிற்கிறது. – பொகவந்தலாவை

ஒரு பீட்ரூட் செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். பக்க வேர்கள் நீளாமல், நுனி தடித்துக் கட்டையாகி, பழுப்பேறி இருந்தால் மண் புளித்துக் கிடக்கிறது என்று அர்த்தம். புளிப்பை பிஎச் என்ற எண்ணால் அளப்பார்கள், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தேயிலைக்கு பிஎச் 4.5 முதல் 5.5 வரை இருந்தால் போதும், காய்கறிக்கு 6 முதல் 6.5 வரை வேண்டும். 5-க்குக் கீழே இறங்கினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும், பொஸ்பரசும் செடிக்கு எட்டாமல் மண்ணோடு இறுகிவிடும். எருப் போட்டும் பலன் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

புளிப்பைக் குறைக்கும் சுண்ணக்கல் தூளான டொலமைட் வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் போதும். ஒரு பேர்ச் ஏறக்குறைய 25 சதுர மீட்டர் என்பதால், பேர்ச்சுக்கு 5 கிலோ. மண் ஈரமாக இருக்கும் நாளில் தூவி, 15 சென்ரிமீட்டர் ஆழத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும். மேலாகத் தூவிவிட்டு வந்தால் அடுத்த மழை அதைக் கானுக்கு (மழைநீர் வாய்க்காலுக்கு) கொண்டுபோய்விடும். மூன்று நான்கு வாரம் பொறுத்து நடுங்கள். டொலமைட் போடும் நாளில் யூரியாவோ பச்சைச் சாணமோ கலக்காதீர்கள், நைதரசன் அமோனியாவாகி ஆவியாகிப் போகும். இடையில் இரண்டு வாரமாவது இருக்கட்டும்.

மிலாறு (கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி) எரித்த அடுப்புச் சாம்பலும் புளிப்பைக் குறைக்கும். சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி போடலாம். வர்ணம் பூசிய பலகையோ பிளாஸ்டிக்கோ சேர்த்து எரித்த சாம்பல் வேண்டாம். உருளைக்கிழங்குப் பாத்தியில் இரண்டையும் அளவோடு போடுங்கள், மிஞ்சினால் கிழங்குத் தோலில் சொறி விழும்.

மண்ணைப் பரிசோதிக்க விரும்பினால், ஒரே இடத்தில் அள்ளாமல் எட்டுப் பத்து இடங்களில் 15 சென்ரிமீட்டர் ஆழம்வரை எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

எங்கள் தோட்டம் லயத்துக்கு மேலே உள்ள சரிவில். நடுவில் பழைய கான் ஒன்று போகிறது. அதை மண் போட்டு மூடினால் இன்னும் நான்கு பாத்தி கிடைக்கும். மூடலாமா? – ஹாலிஎல

கூடாது. நான்கு பாத்திக்காக லயத்தையே பணயம் வைக்காதீர்கள்.

அந்தக் கான் மேட்டிலிருந்து இறங்கும் மழைநீரைப் பக்கவாட்டில் பிடித்துப் பெரிய கானுக்குக் கொண்டுபோகிறது. மூடிவிட்டால் அந்த நீர் மண்ணுக்குள் இறங்கும். நனைந்த மண்ணின் பாரம் கூடும், உள்ளே ஊறிய நீரின் அழுத்தத்தால் மண்ணின் பிடிப்பும் விட்டுப்போகும். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை சரிந்ததை மலையகத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

கானை மூடாமலே இடம் பெறலாம். பாத்திகளை மேலிருந்து கீழாக இழுக்காமல் சரிவுக்குக் குறுக்கே, சம மட்டத்தில் கட்டுங்கள். மட்டம் பார்க்கக் கருவி வாங்கத் தேவையில்லை. 2 மீட்டர் நீளமுள்ள இரண்டு கம்புகளை மேலே சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். சட்டத்தை நிறுத்திக் கயிறு குறுக்குக் கம்பில் படும் இடத்தை அடையாளமிடுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி, அதே இரண்டு புள்ளிகளில் வைத்து மறுபடி அடையாளமிடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள இடம்தான் மட்டம். கயிறு அங்கே நிற்கும்படி காலை மாற்றி மாற்றி நகர்த்தி, கால் படும் இடத்திலெல்லாம் முளை அடித்துக்கொண்டே போனால் கோடு கிடைத்துவிடும். கல் ஆடாமல் நிற்கும் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். காற்றடிக்கும் நாளில் இந்த வேலை சரிவராது.

பாத்தியின் கீழ் விளிம்பில் வெட்டிவேரை 15 சென்ரிமீட்டர் இடைவெளியில் ஒரு வரிசை நட்டால், வழிந்துவரும் மண் அங்கேயே தங்கும். கானில் அங்கங்கே அடியில் சிறு குழி தோண்டி வைத்தால் வண்டல் அதில் சேரும். மழைக்குப் பிறகு அதை அள்ளி மேற்பாத்தியில் போடுங்கள். உங்கள் மேல்மண்தான் அது.

தண்ணீர்த் தாங்கியையும் லயத்துக்கு நேர் மேலே வைக்க வேண்டாம். 1,000 லீற்றர் தாங்கி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு தொன் பாரம். நிலத்தில் புதிதாக வெடிப்பு, மரங்களும் கம்பங்களும் சாய்வது, கதவு திடீரென இறுகுவது, இல்லாத இடத்தில் கலங்கிய ஊற்று – இவற்றில் எதைக் கண்டாலும் தோட்ட வேலையை விட்டுவிட்டு ஆட்களை அப்புறப்படுத்துங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.

கொம்போஸ்ட் குவியல் சூடேறவே இல்லை. நாற்றம் வேறு. – மஸ்கெலியா

உங்கள் ஊர் மழைக்குத் திறந்த குவியல் ஊறித்தான் போகும். நீர் நிறைந்தால் காற்றில்லாமல் அழுகும், நாற்றம் அதனால்தான். அடியில் மிலாறை ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கி, அதன்மேல் குவியலைக் கட்டி, தகரமோ பொலித்தீனோ கூரையாகப் போடுங்கள். பொலித்தீனைக் குவியலோடு ஒட்ட மூடாமல் பக்கங்களைத் திறந்து விடுங்கள்.

நீள அகல உயரம் ஒவ்வொன்றும் 1 மீட்டராவது இருந்தால்தான் குளிரூரில் சூடு நிற்கும். வீட்டுக்கு வீடு சின்னக் குவியல் போடுவதைவிட, லயத்துக்கே ஒன்றாகப் போடுவது இந்த ஒரு காரணத்துக்காகவே மேல். காய்ந்த மானாப்புல், சருகு மூன்று பங்கு என்றால் சமையலறைக் கழிவு, பச்சை இலை, சாணம் ஒரு பங்கு. வேலியோரம் மஞ்சளாகப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தி இருந்தால் விடாதீர்கள், நைதரசனும் பொட்டாசியமும் நிறைந்த இலை அது. பூக்குமுன் வெட்டிப் போடுங்கள். யூக்கலிப்டஸ், பைன் சருகுகள் உக்க நாளாகும், அவற்றைக் குறையுங்கள்.

உள்ளிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டு மூன்று துளி வரலாம். ஒழுகினால் காய்ந்த புல் சேர்த்துப் புரட்டுங்கள். இரண்டு வாரத்துக்கொரு தரம் புரட்டினால் நான்கு மாதம் போல ஆகும்.

முழங்கால் வலியுள்ள தாத்தா பாட்டிமாரும் பள்ளிப் பிள்ளைகளும் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன வேலை கொடுக்கலாம்? – கொட்டகலை

பெரியவர்களுக்கு 60 முதல் 75 சென்ரிமீட்டர் உயரத்தில் கல் அடுக்கிப் பாத்தி கட்டுங்கள். இரு பக்கமும் நின்று வேலை செய்ய முடிந்தால் அகலம் 1.2 மீட்டர், சுவரோரம் என்றால் 60 சென்ரிமீட்டர், அதற்குமேல் கை எட்டாது. விளிம்பில் உட்கார ஒரு தட்டைக்கல் வையுங்கள். வல்லாரை, புதினா, சலாது, நாற்று மேடை எல்லாம் அங்கே இருக்கலாம். நாற்று வளர்ப்பில் பொறுமைக்காரர்கள் அவர்கள்தான்.

பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பலன் தெரிய வேண்டும். ராபும் போஞ்சியும் கொடுங்கள். லீக்ஸ் கொடுத்தால் ஒரு தவணை முடிந்த பிறகும் காத்திருக்க வேண்டும். மருந்து அடிக்கும் வேலை மட்டும் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். மீந்த மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தையும் இன்றே நிறுத்துங்கள்.

தை மாதத்தில் ஒரே இரவில் போஞ்சி முழுவதும் கருகிவிட்டது. – நுவரெலியா

உறைபனி. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலம் தன் சூட்டை இழக்கும், குளிர்ந்த காற்று பாரமாகி இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே பள்ளத்துப் பாத்தியில் கரட், கோவா, லீக்ஸ் போடுங்கள், அவை தாங்கும். போஞ்சி, தக்காளி, உருளைக்கிழங்குக்கு மேட்டுப் பாத்தி. பனி வரும்போல் இருந்தால் பகலில் மண்ணை நனைத்து வையுங்கள், ஈர மண் சூட்டைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும். மாலையில் குச்சிகளை ஊன்றி, இலையில் படாதபடி சாக்கால் மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

கோவா பகலில் வாடுகிறது. பிடுங்கினால் வேர் வீங்கி முண்டு முண்டாக இருக்கிறது. – கந்தப்பளை

வேர்முண்டு நோய். இதற்கான கிருமி வித்துகள் மண்ணில் பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடிருக்கும், மருந்தடித்துத் துரத்த முடியாது. நோய்ச்செடிகளை வேரோடு எடுத்து எரியுங்கள், கொம்போஸ்டில் போடாதீர்கள். மண்வெட்டியையும் சப்பாத்தையும் கழுவிவிட்டே அடுத்த பாத்திக்குப் போங்கள். நோக்கோல், ராபு, கடுகு எல்லாம் கோவாவின் குடும்பம்தான், மாற்றுப்பயிர் என்று அவற்றை நட்டுவிடாதீர்கள். கரட், லீக்ஸ், போஞ்சி போடலாம். நோய் கண்ட இடத்தில் மட்டும் டொலமைட்டைக் கூட்டி பிஎச் 7-க்கு மேலே கொண்டுபோனால் நோய் அடங்கும், ஒழியாது. வெளியில் வாங்கும் நாற்றோடும் இது வரும், நாற்றை நீங்களே சுத்தமான மண்ணில் போடுங்கள்.

ஆடி ஆவணியில் பீலியில் (ஊற்றுநீர்க் குழாயில்) தண்ணீர் குடிக்கவே போதாது. தோட்டத்துக்கு என்ன செய்ய? – பதுளை

10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 20 சதுர மீட்டர் தகரக் கூரையில் 200 லீற்றர் விழும், சிந்தியது போக 160 சேரும். பாத்திக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் என்று கணக்கு வைத்தால் ஒரு பேர்ச்சுக்கு 100 லீற்றர். ஆகவே பீப்பாயை மட்டும் நம்பி வறட்சியைக் கடக்க முடியாது. மானாப்புல்லைப் பூக்குமுன் வெட்டி எடுத்து 5 சென்ரிமீட்டர் கனத்துக்கு மூடாக்குப் போட்டு, பாத்தியைப் பாதியாகக் குறைத்து, மாலையில் வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். பீப்பாய் வாயை நுளம்பு புகாத வலையால் இறுகக் கட்டுங்கள்.

நிலம் தோட்டக் கம்பனியிடம் இருக்கிறது. துரை (தோட்ட முகாமையாளர்) வாயால் சம்மதித்தார், போதுமா? – நோர்வூட்

துரை மாறினால் சொல்லும் மாறிவிடும். எல்லை, காலம், யார் யார் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத்து கைக்கு வரும்வரை மரக்கன்று நடாமல் மூன்று நான்கு மாதப் பயிரோடு நில்லுங்கள்.