பாலிடெக்னிக் படித்தவர் இஸ்ரோ தலைவர் ஆக முடியுமா?

முடியும், ஆகியும் விட்டார். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்ற வி. நாராயணன் முதலில் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோதான். கேள்வி கேட்ட தம்பி தண்டையார்பேட்டைப் பையன், டிப்ளமோ இரண்டாம் வருஷம், "இதோட நின்னா ஃபிட்டர் வேலைதான்" என்று வீட்டில் சொல்கிறார்களாம். நானும் டிப்ளமோக்காரன்தான், மணலியில் ஒரு ஆலையில் பம்ப் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன், அதனால் என் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்து மேலக்காட்டுவிளை, தமிழ் வழிப் படிப்பு என்பதையெல்லாம் பேப்பரில் நிறையவே எழுதிவிட்டார்கள். டிப்ளமோ முடித்ததும் அவர் நேராக ராக்கெட் பக்கம் போய்விடவில்லை. டிஐ டைமண்ட் செயின், எம்.ஆர்.எப்., திருச்சி பெல், ராணிப்பேட்டை பெல் என்று நம் ஆட்கள் வேலை தேடிப் போகிற அதே கம்பெனிகளில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1984-ல், ஏறக்குறைய இருபது வயதில் இஸ்ரோவில் சேர்ந்தார். வேலை பார்த்தபடியே, பி.இ.க்குச் சமமாகக் கருதப்பட்ட ஏ.எம்.ஐ.இ. தேர்வை முடித்தார், 1989-ல் கரக்பூர் ஐஐடியில் கிரையோஜெனிக் இன்ஜினியரிங் (கடுங்குளிர்த் தொழில்நுட்பம்) எம்.டெக்., அதிலும் முதல் இடம், 2001-ல் அங்கேயே பிஎச்.டி. ஐஐடி வந்தது, ஆனால் வேலைக்குப் பிறகு வந்தது.

அவர் பிடித்துக்கொண்ட இந்தக் கிரையோஜெனிக் விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பெரிய ஆஸ்பத்திரிகளின் பின்பக்கம் வெள்ளையாக நிற்கும் திரவ ஆக்சிஜன் டாங்கைப் பார்த்திருப்பாய், சென்னை வெயிலிலும் அதன் குழாயில் பனி படிந்திருக்கும், அது மைனஸ் 183 டிகிரி. கிரையோஜெனிக் இன்ஜினுக்கு அதோடு மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனும் வேண்டும். அந்தக் குளிரில் உலோகம் சுருங்கும், நாம் போடுகிற கிரீஸெல்லாம் கல்லாகிவிடும், ஆனால் பம்ப் மட்டும் நிற்காமல் சுற்ற வேண்டும். 1993-ல் அமெரிக்க நெருக்கடியால் ரஷ்யா இந்தத் தொழில்நுட்பத்தைத் தர மறுத்து இன்ஜின்களை மட்டும் விற்றது, அதனால் நாமே செய்துதான் ஆக வேண்டியிருந்தது. 2010 ஏப்ரலில் நம் சொந்த கிரையோஜெனிக் கட்டத்தோடு (ராக்கெட்டின் ஓர் அடுக்கு) போன ஜி.எஸ்.எல்.வி. டி-3 ராக்கெட் கடலில் விழுந்தது. ஹைட்ரஜனைத் தள்ளும் பூஸ்டர் பம்ப் நிமிஷத்துக்கு 34,800 சுற்று வரை போய், ஒரு வினாடிகூட ஆகாமல் வேகம் குறையத் தொடங்கி, அடுத்த 0.6 வினாடியில் நின்றே போனது. சீல் இருக்கும் இடத்தில் பிடித்து ரோட்டர் இறுகியிருக்கலாம், இல்லை டர்பைன் உறை வெடித்திருக்கலாம் என்றார்கள். சீல் பிடித்துக்கொண்ட பம்பைப் பிரித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கையில் பம்ப் இருந்தாலே காரணம் கண்டுபிடிக்க நாளாகும், அவர்களுக்குக் கிடைத்ததோ பறந்தபோது பதிவான எண்கள் மட்டும்தான்!

2014 ஜனவரியில் ஜி.எஸ்.எல்.வி. டி-5 வென்றது. அப்புறம் சி-25 என்ற இன்னும் பெரிய கிரையோஜெனிக் கட்டம், அதற்கு நாராயணன்தான் திட்ட இயக்குநர், 2017 ஜூனில் முதல் பயணத்திலேயே சரியாக வேலை செய்தது. சந்திரயான்-3 ஏறிப்போனதும் சி-25 உள்ள ராக்கெட்டில்தான். சந்திரயான்-2 நிலவில் மோதியதற்குக் காரணம் தேடிய குழுவுக்கும் அவர்தான் தலைவர். 2018-லிருந்து திரவ உந்துவிசை மையத்தின் இயக்குநர், அதற்குப் பிறகுதான் இந்தப் பதவி. ஆக, சேர்ந்ததிலிருந்து கணக்குப் போட்டால் நாற்பது வருஷம், அதில் பெரும்பகுதி ஒரே துறையில்.

சரி, உனக்கு என்ன வழி? இஸ்ரோ மையங்கள் டெக்னிக்கல் அசிஸ்டண்ட் வேலைக்கு டிப்ளமோக்காரர்களைத்தான் எடுக்கின்றன, முதல் வகுப்பு கேட்பார்கள். திருவனந்தபுரம், மகேந்திரகிரி, ஸ்ரீஹரிகோட்டா என்று ஒவ்வொரு மையத்துக்கும் அறிவிப்பு தனித்தனியாக வரும், அந்தந்த மையத்தின் இணையதளத்தையே பார். பி.இ. ஆசை இருந்தால் லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். ஃபிட்டர் வேலையைப் பற்றி வீட்டில் தாழ்வாகப் பேசினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே தம்பி, ஒர்க் ஷாப்பில் பம்ப் பிரிக்கும் நாளில் முன்னால் போய் நில். அரியர் ஏதாவது இருந்தால் இந்த செமஸ்டரிலேயே முடித்துவிடு.