28 வருடம் மென்பொருள், இப்போது நாவல்: முதல் அத்தியாயத்தைத் தாண்டுவது எப்படி?

கேள்வி: எனக்கு 54 வயது. 28 வருடமாக மென்பொருள் துறையில் இருக்கிறேன். ஆறு மாதமாக ஒரு நாவல் எழுதிவருகிறேன். இதுவரை 40 பக்கம், இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முதல் அத்தியாயத்தை மட்டும் பதினோரு தடவை மாற்றிவிட்டேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எக்செல்லில் தனி ஷீட், காலவரிசைக்கு ஒரு ஷீட் எல்லாம் தயார். படித்துப் பார்த்த நண்பர், "நல்லா இருக்கு, ஆனா ரிப்போர்ட் படிக்கிற மாதிரி இருக்கு" என்கிறார். வயது தாண்டிவிட்டதா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக உட்கார்ந்தால் சரியாகுமா? பதிப்பகத்தை எப்போது தேடலாம்?

பதில்: வயது விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் பேச அதிகம் இல்லை. ஆங்கில எழுத்தாளர் பெனலப்பி ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் நாவல் 1977இல் வந்தபோது அவருக்கு 60 வயது. 1979இல் புக்கர் பரிசு வாங்கினார். எண்ணெய் நிறுவனம் ஒன்றில் பெரிய பதவியில் இருந்த அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர், 1932இல் வேலை போன பிறகு எழுத வந்தவர். முதல் நாவல் 1939இல், 50 வயதில். இதைப் படித்து உற்சாகப்படுவதைவிட, நடுவில் இருந்த ஏழு வருடம் அவர் என்ன செய்தார் என்று பார்ப்பது பயனுள்ளது. மலிவு விலைத் துப்பறியும் இதழ்களுக்குச் சிறுகதை எழுதிக்கொண்டிருந்தார். முதல் கதைக்கே ஐந்து மாதம் பிடித்தது. பிற்பாடு அந்தக் கதைகளில் சிலவற்றைப் பிரித்துக் கோத்துத்தான் முதல் நாவலைக் கட்டினார். தாமதமாக வந்தாலும் கற்றுக்கொள்ளும் காலம் இருக்கத்தான் செய்யும். உங்களுக்கு ஆறு மாதம்தான் ஆகியிருக்கிறது.

உங்கள் நண்பர் சொன்னதுதான் முக்கியம். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் மூன்றாவது பத்தி இப்படிப் போகிறது:

"இரவு 2.40க்கு அலாரம் ஒலித்ததால் மாதவன் கண்விழித்தான். சர்வர் செயலிழந்திருந்ததால் அவனுக்குப் பதற்றம் ஏற்பட்டது. விடிந்தால் மகளின் பிறந்தநாள் என்பதால் குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டது."

மூன்று வாக்கியம், மூன்றிலும் ஒரு 'ஆல்'. ஒலித்ததால், இருந்ததால், என்பதால். ஒவ்வொரு விளைவுக்கும் காரணத்தைக் கையோடு சொல்லிவிடுகிறீர்கள். உங்கள் வேலையில் அது அருமையான குணம். காரணம் சொல்லாத ஒரு பிழை அறிக்கையை நீங்களே திருப்பி அனுப்பியிருப்பீர்கள். ஆனால் காரணமெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் வாசகருக்கு அங்கே செய்ய வேலை இல்லை. உங்கள் சரக்கை வைத்தே நான் கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன்:

"2.40க்கு போன் அதிர்ந்தது. மாதவன் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளினான். சத்தம் அடங்கியது, வெளிச்சம் மட்டும் உறையின் ஓரமாகக் கசிந்தது. கூடத்தில் ஊதாத பலூன்கள் ஐந்தாறு கிடந்தன. லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் ஒன்றை எடுத்து ஊத ஆரம்பித்தான்."

இது பிரமாதமான எழுத்து என்று சொல்லவில்லை. ஆனால் பதற்றம், குற்றவுணர்வு இரண்டு சொல்லும் போய்விட்டன, இரண்டு உணர்ச்சியும் இருக்கின்றன. அதோடு ஒரு கேள்வி முளைத்திருக்கிறது: சர்வர் விழுந்துகிடக்கும்போது இந்த ஆள் ஏன் பலூன் ஊதுகிறான்? அந்தக் கேள்விக்காகத்தான் வாசகர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

உங்கள் துறையிலிருந்து வருகிற பலரின் கைப்பிரதிகளை எடிட் செய்திருக்கிறேன். பெரும்பாலானவர்களிடம் பார்த்த சிக்கல் ஒன்றுதான். ஒரு பிரச்சினை கண்ணில் பட்டதும் தீர்க்கக் கை பரபரக்கிறது. கணவன் மனைவி சண்டை மூன்றாம் பக்கத்தில் தொடங்கினால் ஐந்தாம் பக்கத்தில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள், ஏதோ மீட்டிங் முடித்து மினிட்ஸ் போட்ட மாதிரி. நாவலாசிரியரின் வேலை இதற்கு நேர் எதிர். பிரச்சினையை இருநூறு பக்கம் உயிரோடு வைத்திருக்க வேண்டும். தீர்க்க வழி கண்ணெதிரே இருந்தும் அந்த மனிதரால் ஏன் அந்தப் பக்கம் போக முடியவில்லை என்பதில்தான் கதையே இருக்கிறது.

இன்னொன்று, செயப்பாட்டு வினை. "முடிவு எடுக்கப்பட்டது", "மூவர் விடுவிக்கப்பட்டனர்." யார் எடுத்தார், யார் யாரை வேலையிலிருந்து அனுப்பினார் என்பதை மறைப்பதற்கென்றே வளர்ந்த அலுவலக நடை அது. நாவலுக்கு வேண்டியதோ அந்த 'யார்'தான். உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் ஆட்குறைப்புக் காட்சி முழுக்க இப்படியே ஓடுகிறது. அந்தப் பட்டியலை யாரோ ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்திருப்பார் இல்லையா? அவரைக் காட்டுங்கள்.

அப்புறம் அந்தப் பதினோரு தடவை. நிரலில் பிழையை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறோமோ அவ்வளவு செலவு குறைவு என்று பழகியிருப்பீர்கள். முதல் அத்தியாயத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கடைசி அத்தியாயம் இல்லாமல் முதல் அத்தியாயத்தைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. எங்கே போய் முடிகிறது என்று தெரிந்த பிறகுதான் எங்கே தொடங்கியிருக்க வேண்டும் என்பது தெரியும். பலருக்கு முதல் அத்தியாயமே மொத்தமாகப் போய்விடும், அதைப் பதினோரு தடவை இழைத்தவர்களுக்கு வலி கூடுதல். ஆகவே பின்னால் திரும்பாதீர்கள். மாற்றத் தோன்றுவதை வேறொரு ஃபைலில் ஒரு வரியாகக் குறித்துவிட்டு மேலே போங்கள். நடுவில் அப்பா பாத்திரம் தேவையில்லை என்று தோன்றினால், அவர் முதலிலிருந்தே இல்லாத மாதிரி அடுத்த அத்தியாயத்தை எழுதலாம். யாரும் கேட்கப்போவதில்லை.

நீளம் பற்றிக் கவலை வேண்டாம். அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர்கள் தங்கள் நெபுலா விருதுக்கு 40,000 சொல்லிலிருந்தே நாவல் என்று கணக்கு வைக்கிறார்கள். ஒரு நாளைக்கு 300 சொல், வாரத்தில் ஐந்து நாள் எழுதினால் நாற்பது வாரத்தில் 60,000 வந்துவிடும்.

எக்செல்லில் காலவரிசை ஷீட்டை வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கு எப்போது என்ன வயது என்று குழம்பாமல் இருக்க உதவும். பாத்திர ஷீட்டை மூடிவிடுங்கள். மாதவனின் ரத்த வகை அதில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

துறைப் பழக்கம் எல்லாமே கெடுதல் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய பதிப்புகளை அழிக்காமல் தேதி போட்டுச் சேமிப்பது, கெடு வைத்து வேலை பார்ப்பது, அடுத்தவர் குறை சொன்னால் முகம் சுளிக்காமல் கேட்பது எல்லாம் பெரிய சொத்து. 'தி மார்ஷியன்' எழுதிய ஆண்டி வியர் நிரலாளராக வேலை பார்த்தவர். நாவலை அத்தியாயம் அத்தியாயமாகத் தன் இணையதளத்தில் போட்டு, வாசகர்கள் சுட்டிக்காட்டிய அறிவியல் பிழைகளைத் திருத்திக்கொண்டே போனார். ஆனால் உங்கள் கதை உறவுகளைப் பற்றியது. அதனால் முழுப் பிரதி முடியும்வரை யாரிடமும் காட்டாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. முடிந்ததும் மூன்று பேரிடம் கொடுங்கள், அதில் ஒருவராவது துறைக்கு வெளியே இருக்கட்டும். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

வேலையை விடுவது? இப்போதைக்கு வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப் தபால் துறை வேலையில் இருந்துகொண்டே விடிகாலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொல் எழுதியவர். முதல் நாவலை நம்பி மாதச் சம்பளத்தை விடுவது எழுத்துக்கும் நல்லதல்ல. வருமானக் கவலை வந்துவிட்டால் அவசரம் வந்துவிடும். ஆனால் ஒரு காரியத்தை இன்றே செய்யுங்கள், உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் உருவாக்குபவற்றின் உரிமை பற்றி ஒரு பிரிவு இருக்கலாம். மென்பொருளை மனதில் வைத்து எழுதப்பட்டதுதான், ஆனால் வாசகம் அகலமாக இருந்தால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அலுவலக லேப்டாப்பில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். ரகசியக் காப்பு ஒப்பந்தம் நீங்கள் விலகிய பிறகும் தொடரக்கூடும். மேலதிகாரியின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு ஆளை அப்படியே இறக்கிவைப்பதும் ஆபத்து. இரண்டு மூன்று பேரைக் கலந்து ஒருவரைச் செய்யுங்கள், பாத்திரமும் நன்றாக வரும்.

பதிப்பகம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கு நாள் இருக்கிறது. அச்சிட உங்களிடம் பணம் கேட்பது பதிப்பகம் அல்ல, கட்டணச் சேவை. தெரிந்தே போனால் தப்பில்லை.

சரி, நாளைக்கு எங்கே ஆரம்பிப்பது? 40 பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். மாதவனின் மகள் பெயர் பதினேழு இடத்தில் வருகிறது. அந்தப் பெண் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பலூன் ஊதும் சத்தத்தில் அவள் எழுந்து கூடத்துக்கு வரட்டும்.