வாய் தவறி ஓர் எழவு

நூற்பாலையில் 31 வருடம் பர்சனல் ஆபீசராக இருந்து ஓய்வுபெற்ற பசுமலைக்காரர், வேலை தேடும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எனக்கு 23 வயது. இலந்தைக்குளம் பக்கம் ஓர் ஐ.டி. கம்பெனியில் இரண்டாவது ரவுண்டு வரை போனேன். "நீங்கள் சமாளித்த கஷ்டமான நாள் எது?" என்று கேட்டார்கள். பயிற்சிக்குப் போன இடத்தில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தவன், வேகத்தில் "அந்த எழவு சர்வர் படுத்துருச்சு சார்" என்றுவிட்டேன். பேனலில் இருந்த மேடம் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் ஏதோ குறித்துக்கொண்டார். இரண்டு வாரமாகப் பதில் இல்லை. வாய்க்கொழுப்பு என்று அப்பா திட்டுகிறார். மன்னிப்புக் கேட்டு மெயில் போடலாமா?
(பெயர் வேண்டாம், திருமங்கலம்)

பதில்: தம்பி, முதலில் மெயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "முடிவு தெரிந்தால் சொல்லுங்கள்" என்று இரண்டு வரி போடுங்கள், போதும். அந்த வார்த்தையைப் பற்றி மூச்சு விடாதீர்கள். மெயிலைத் திறக்கப்போகும் எச்.ஆர். பெண் அன்றைக்கு அந்த அறையில் இருந்தாரோ இல்லையோ! நீங்களே போய் அவருக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். இரண்டு வாரம் பதில் வராதது பெரிய விஷயமும் இல்லை. ஒரே ஒரு கையெழுத்துக்காக நான் ஒரு மாதம் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இனி அந்த எழவுக்கு வருவோம். இழவு என்றால் சாவு. கருமமும் அதே வீட்டுச் சரக்குதான். நம் ஊரில் கோபம் வந்தால் பாதிப்பேர் சாவு வீட்டுக்குள் நுழைந்துதான் வார்த்தை எடுக்கிறோம். மதுரைக் காதுக்கு அது வசவாகவே தோன்றாது. வெளியூர்க்காரர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்தில் 'ஷிட்' என்று சொல்லியிருந்தால் நீங்கள் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டீர்கள், இல்லையா? இங்கிலீஷில் திட்டினால் திட்டு இல்லை என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு. அதைத் தமிழில் பெயர்த்து உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

1994-இல், நூல் நூற்கும் ரிங் பிரேம் பிரிவுக்கு ஃபிட்டர் எடுத்தோம். பேசி முடித்ததும் ஆளை ஷெட்டுக்குள் கூட்டிப்போய், கையில் ஸ்பேனரைக் கொடுத்து, சேஞ்ச் வீல் என்கிற பல்சக்கரத்தை மாற்றச் சொல்வது எங்கள் வழக்கம். சோழவந்தான் பக்கத்துப் பையன் ஒருவன். ஸ்பேனர் வழுக்கி கட்டைவிரல் தோல் உரிந்துவிட்டது. அந்த மெஷினைப் பெற்றவளையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னான் பாருங்கள், இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. ஸ்பின்னிங் மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பையன் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே வீலை மாட்டினான். கையால் சுற்றி, பல்லோடு பல் சரியாகச் சேருகிறதா என்று பார்த்தான். எண்ணெயைத் துடைத்தான். அப்புறம்தான் நாங்கள் நிற்பது ஞாபகம் வந்தது. "மன்னிச்சுக்கங்க சார்" என்றான். ஒரே தடவை. பின்னாளில் அவன் அதே பிரிவுக்கு மேஸ்திரியானான்.

அன்றைக்கே இன்னொருவரும் வந்தார். வெள்ளைச் சட்டை, சுத்தமான இங்கிலீஷ், எட்டு வருட அனுபவம். பழைய மில்லை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். பத்து நிமிடம் சூப்பர்வைசரைப் பற்றியே பேசினார். கடைசியில், "அந்த ஆளுங்களுக்கு அவ்வளவுதான் சார் புத்தி" என்றார். எந்த ஆளுங்க என்று நான் கேட்கவில்லை. மரியாதையான குரல், ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. குறிப்பு எழுதும் கட்டத்தில் 'வேண்டாம்' என்று எழுதினேன்.

உங்கள் எழவு சர்வரின் மேல்தான் விழுந்தது. அதற்காக உங்களை விட்டுவிடவும் மாட்டேன். ஷெட்டில் நூறு மெஷின் இரைச்சலில் கரைந்துபோகிற சொல் ஏ.சி. அறையில் கரையாது. குறித்துக்கொண்டவர், 'வாடிக்கையாளரிடம் போனில் பேசும்போதும் இவர் வாயில் இது வருமோ' என்று யோசித்திருந்தால் அதில் தப்பில்லை.

உங்கள் கதையில் எழவு உட்கார்ந்திருந்த இடத்தைப் பாருங்கள். சர்வர் எவ்வளவு நேரம் நின்றது? எத்தனை பேர் வேலை கெட்டது? முதலில் நீங்கள் எதைத் தொட்டீர்கள்? எனக்கு எழுதிய கடிதத்திலும் அது இல்லை. சொல்ல வேண்டிய தகவலைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் வசவு உட்கார்ந்துகொண்டது. அடுத்த இன்டர்வியூவுக்கு முன்னால் இந்தக் கதையை மொட்டைமாடியில் நின்று சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். எந்த இடத்தில் நாக்கு துருதுருக்கிறதோ அங்கே ஒரு விவரத்தை வையுங்கள். அப்படியும் வாய் தவறினால் "சாரி சார்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போய்விடுங்கள்.

கேள்வி: கணக்கர் வேலைக்கு ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போனேன். பாதியில் முதலாளிக்குப் போன் வந்தது. யாரையோ காது கூசத் திட்டிவிட்டு, "நீ ஒண்ணும் நினைச்சுக்காதம்மா" என்றார். பிறகு என் கல்யாணத்தைப் பற்றி இரட்டை அர்த்தத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். மறுநாளே வேலை தருவதாகச் சொல்லிவிட்டார்கள். சம்பளம் பரவாயில்லை. சேரலாமா?
(வாசகி, மேலூர்)

பதில்: வேண்டாம் தாயி. புதிதாக ஓர் ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே இப்படிப் பேசுகிறவர், மார்ச் 31 அன்று ராத்திரி கணக்கு உதைத்தால் உன்னிடம் எப்படிப் பேசுவார்? இன்டர்வியூவில் அவர்கள் மட்டும் நம்மைப் பார்ப்பதில்லை, நாமும்தான் அவர்களைப் பார்க்கிறோம்.

போனில் திட்டியது அவர் குணம். உன்னிடம் பேசிய இரட்டை அர்த்தம் வேறு கணக்கு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தில் பாலியல் சாயலுள்ள பேச்சும் சேர்த்தி. புகார் செய்ய நீ அங்கே வேலையில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்றுதான் சட்டம் சொல்கிறது. பத்துப் பேர் வேலை செய்தாலே அங்கு உள்புகார்க் குழு இருக்க வேண்டும். ஆள் குறைவு, அல்லது புகாரே முதலாளி மேல் என்றால், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. கலெக்டர் ஆபீசில் விசாரி. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுப்பதா வேண்டாமா என்பது உன் முடிவு. ஆனால் அவர் சொன்ன வார்த்தையை, தேதியோடு, சொன்னபடியே இன்றே எழுதி வைத்துக்கொள். நாளாக ஆக நமக்கே வார்த்தை மங்கிப்போகும்.

கேள்வி: ஷோரூம் வேலைக்கான இன்டர்வியூவில் எல்லாரையும் பழக்கதோஷத்தில் 'அண்ணே' என்று கூப்பிட்டுவிட்டேன். மூன்று பேரில் ஒருவர் மேடம். இதுவும் மரியாதைக் குறைவா?
(ஒரு வாசகர், உசிலம்பட்டி)

பதில்: ஆண்கள் இரண்டு பேரும் மதுரைக்காரர்களாக இருந்தால் உள்ளுக்குள் சந்தோஷம்கூடப் பட்டிருப்பார்கள். அடுத்த தடவை சார் என்றே சொல்லுங்கள். அந்த மேடத்துக்கு நான் பதில் சொல்ல முடியாது.